பிழைப்பிடமும் படுக்கையிடமும்: சென்னையில் வீடற்றோர்

சென்னையில் வீடற்றோரின் வரலாற்றை ஆராயப் புகும் எவரும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, யார் வீடற்றவர் என்பதையே. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கூரையுள்ள கட்டடம் எதிலும் குடியிராமல் சாலையோரத்திலும் நடைபாதையிலும் பெரிய குழாய்களுக்குள்ளும், மேம்பாலங்களுக்கும் மாடிப்படிகளுக்கும் அடியிலும், கோயில் மண்டபங்களிலும் ரயில் நிலைய நடைமேடைகளிலும் வாழ்வோரை இவ்வகையில் சேர்க்கிறது. இவர்களை எண்ணுவதற்கென்றே ஓர் இரவு ஒதுக்கப்படுகிறது. 2011இல் அது பிப்ரவரி 28ஆம் நாள் இரவாக இருந்தது. அந்தக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேரும், அவர்களுள் நகரங்களில் மட்டும் 9.38 இலட்சம் பேரும் வீடற்றோராகப் பதிவாயினர். காவலரைக் கண்டு இடம் மாறுபவரும், இரவுப்பாட்டு வேலைக்குப் போய்விட்டவரும், கடை அடைத்த பிறகு பின்னிரவில் வந்து படியில் படுப்பவரும் ஓரிரவுக் கணக்கில் எளிதில் விடுபட்டுப் போவர் என்பதால், இந்த எண்ணிக்கையைக் கீழ்வரம்பாகக் கொள்வதே பொருந்தும். ஆயினும் எண்ணிக்கையைக் காட்டிலும் ஆழமான சிக்கல் அந்த வரையறையில் இருக்கிறது. கூரை இல்லை என்ற ஒன்றைக் கொண்டு ஒருவரை அடையாளப்படுத்தும் அவ்வரையறை, அவரிடம் இருக்கிற தொழிலையும் உறவையும் ஒரே தெருவில் கழிந்த ஆண்டுகளையும் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சென்னையில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எடுக்கப்பட்டுவரும் முயற்சிகள் பெரும்பாலும் இந்தக் குறையுள்ள பார்வையிலிருந்தே பிறந்தன. ஆகவேதான் அவை கூரை தர முன்வந்தபோதுகூட, அதைப் பிழைப்பிடத்துக்கு வெகு தொலைவில் தந்தன.

தமிழ்நிலத்தில் இடமற்றோருக்கு இடமளிப்பது பழைய அறம். புகார் நகரின் உலக அறவி என்னும் பொது அம்பலத்தில் உடற்குறையுற்றோரும் ஆதரவற்றோரும் தங்கியிருந்ததையும், அங்கே அமுதசுரபி கொண்டு மணிமேகலை அவர்களுக்கு உணவிட்டதையும், அவள் வேண்டுகோளால் சிறைக்கூடம் அறக்கோட்டமானதையும் மணிமேகலைக் காப்பியம் விரிவாகச் சொல்கிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் சத்திரமும் சாவடியும் வீட்டுத் திண்ணையும் அந்த அறத்தை ஏந்திநின்றன. ஆனால் சத்திரம் என்பது வழிப்போக்கருக்கானது. நாளை புறப்பட்டுப் போகிறவருக்கு இன்றிரவு இடம் கொடுப்பது அதன் இயல்பு. யாத்திரிகருக்கும் வணிகருக்கும் பொருந்திய அந்த ஏற்பாடு, போவதற்கு வேறிடம் இல்லாதவருக்கும் பொருந்தும் என்று பிற்கால அரசுகள் கருதியது பெரும் பிழை. சாதி பார்த்தே திண்ணையும் சத்திரமும் திறந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. நகரத்து நடைபாதைக்கு வந்துசேர்ந்தவர்களில் கணிசமானோர் ஊரில் நிலமும் திண்ணையும் மறுக்கப்பட்ட சாதியினர் என்பதை நினைவில் கொண்டால், பழைய அறத்தின் எல்லை எது என்பது விளங்கும்.

நகரத்தின் முதற்பெரும் முயற்சிகளில் ஒன்று போரினால் நேர்ந்தது. 1780இல் ஐதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தபோது கிராமங்கள் எரிந்தன, விளைச்சல் அழிந்தது, பிழைத்தவர்கள் சென்னப்பட்டணத்தை நோக்கி வந்தனர். தொடர்ந்த பஞ்சத்தில் கோட்டையிலிருந்த புனித மேரி தேவாலய நிர்வாகத்தார் நிதி திரட்டி, 1782இல், பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப்பட்ட கருப்பர் நகரத்தின் வடக்கு மதிலுக்கு அப்பால் ஒரு கஞ்சிச் சாலையை நிறுவினர். மணியக்காரர், அதாவது ஊர் நிர்வாகப் பொறுப்பாளர், மேற்பார்வையில் நடந்தமையால் அது மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. பஞ்சம் நீங்கிய பிறகும் அது மூடப்படவில்லை. முதியோரும் நோயுற்றோரும் தங்கும் இல்லமாகத் தொடர்ந்தது. அதை ஒட்டி 1799இல் டாக்டர் ஜான் அண்டர்வுட் தொடங்கிய மருத்துவமனையே பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. வடசென்னைப் பெரியவர்கள் அதை இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைப்பது, அரசு மருத்துவம் அந்நகரில் பசித்தோருக்கு ஊற்றிய கஞ்சியிலிருந்து கிளைத்தது என்பதற்குச் சான்று. போற்றத்தக்க தொடக்கம் அது. எனினும் அந்தச் சத்திரம் மதிலுக்கு உள்ளே அமையாமல் வெளியே அமைந்தது என்னும் செய்தியும் அதே அளவு கவனத்துக்குரியது, ஏனெனில் உதவி செய்வதும் ஒதுக்கி வைப்பதும் ஒரே செயலாகும் வழக்கம் அங்கே தொடங்கி நெடுங்காலம் நீடித்தது.

நூறாண்டுகள் கழித்து வந்த தாது வருஷப் பஞ்சம், அந்த வழக்கத்தின் கொடிய வடிவத்தைக் காட்டிற்று. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அப்பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்று கணிக்கப்படுகிறது. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்திருக்க, அவற்றை வாங்கும் விலைக்கு வழியற்ற மக்கள் செங்கற்பட்டு, நெல்லூர், சேலம் பகுதிகளிலிருந்து சாலைகளில் நடந்துவந்து விழுந்தனர். நிவாரணப் பணிகளில் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் உடலுழைப்புச் செய்யும் ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். ஏறத்தாழ 450 கிராம் அரிசியைக் கொண்டு மண் வெட்டிய அந்த உடல்களின் நிலையை அக்காலப் புகைப்படங்களைப் பார்ப்பவர் எளிதில் மறக்க மாட்டார். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து நகரின் ஊடாக ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்ட கால்வாய் அந்த நிவாரணப் பணியின் விளைவு. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. வெட்டியவர்களின் பெயர்கள் எங்கும் பதியப்படவில்லை. அடுத்து வந்த நூறாண்டில் அக்கால்வாயின் கரைகளே நகரத்து ஏழைகளின் குடிசைப் பகுதிகளாயின என்பதும், பறக்கும் ரயிலுக்கான தூண்கள் கால்வாயில் எழுந்தபோது அந்தக் குடிசைகளும் அகற்றப்பட்டன என்பதும் இந்நகரின் வரலாற்றில் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கவேண்டிய செய்திகள்.

பஞ்சத்தால் வந்தவர் ஒரு வகை. உழைப்புக்காக நகரமே வரவழைத்தவர் மற்றொரு வகை. துறைமுகமும் ரயிலும் மொத்த வணிகமும் பெருகிய காலத்தில் ஜார்ஜ் டவுன் எனப்பட்ட பழைய கருப்பர் நகரத்துக்கு மூட்டை சுமக்கவும் வண்டி இழுக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். அவர்களுக்குத் தரப்பட்ட கூலியில் உணவின் விலை இருந்தது, வாடகையின் விலை இருக்கவில்லை. விடியுமுன் சரக்கு இறங்கும் சந்தையில் வேலை பிடிக்க வேண்டுமானால் சந்தைக்கு அருகிலேயே படுத்திருக்க வேண்டும். ஆகவே வண்டிக்காரர் வண்டியிலேயே படுத்தார், சுமைதூக்குபவர் கடைவாசலில் படுத்தார், மணமானவர் மதிலோரம் கோணிப்பையால் மறைப்புக் கட்டிக் குடும்பம் நடத்தினார். கொத்தவால்சாவடி, பிராட்வே, யானைகவுனி, சௌகார்பேட்டை, ராயபுரம் ஆகிய பகுதிகளின் நடைபாதைகளில் மூன்று தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் உருவானது இவ்வாறே. அவர்களை ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் என்று எண்ணுவது சரியாகாது. பாட்டி பிறந்த அதே நடைபாதையில் பேத்தி பிறந்திருக்கிறாள், எதிர்ப்புறம் எழுந்த அடுக்குமாடிக் கட்டடத்தைக் காட்டிலும் அக்குடும்பத்தின் வாழ்வு அத்தெருவில் பழையது.

அந்த வாழ்க்கையின் ஒழுங்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. கடைகள் திறப்பதற்கு முன் பாயும் பாத்திரமும் மூட்டையாகக் கட்டப்பட்டு மின்பெட்டியின் பின்னாலோ கிரில் கம்பியிலோ ஏற்றிவைக்கப்படுகின்றன. கடைகள் அடைத்த பிறகே மீண்டும் வீடு விரிகிறது. எந்தக் கடையின் வாசல் எந்தக் குடும்பத்துக்கு என்பதில் குழப்பம் வருவதில்லை. கடைக்காரரும் பலமுறை இவர்களை நம்பியே பூட்டைப் போட்டுவிட்டுப் போகிறார், ஏனெனில் இரவு முழுதும் அந்த வாசலில் ஆள் இருக்கிறது. ஆண்கள் மீன்பாடி வண்டி ஓட்டுகின்றனர், மூட்டை சுமக்கின்றனர், கல்யாண மண்டபங்களில் எடுபிடி வேலை செய்கின்றனர். பெண்கள் பூக் கட்டி விற்கின்றனர். வீட்டு வேலைக்குப் போகின்றனர். காகிதமும் அட்டையும் சேகரிக்கின்றனர். தண்ணீர்க் குடத்துக்கும், கட்டணக் கழிப்பிடத்துக்கும், குளிப்பதற்கும் தனித்தனியே காசு கொடுப்பதால், வீட்டில் வாழ்பவர் விலையின்றிப் பெறும் பலவற்றுக்கும் இவர்கள் நாள்தோறும் விலை தருகின்றனர். எல்லாவற்றிலும் பெரிய சுமை பெண்களுடையது. வளர்ந்த மகளை நடுவில் கிடத்தித் தாயும் பாட்டியும் இருபுறமும் படுப்பதும், முறைவைத்து விழித்திருப்பதும், அதுவும் போதாதென்று அஞ்சிப் பெண்ணை விடுதிக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்புவதும், சிறுவயதிலேயே மணம் முடித்துவிடுவதும் இந்தச் சுமையின் வடிவங்கள். மழைக்காலத்தில் உறக்கம் என்பதே அறுபட்டுப் போகிறது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த இடத்தை விடாமல் பற்றியிருப்பதற்குக் காரணம் விருப்பம் என்று எவரும் கூற முடியாது. விடியற்காலை வேலை அங்கேதான் கிடைக்கிறது, கடன் அங்கேதான் கிடைக்கிறது, பிள்ளையின் மாநகராட்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. 1996இல் கொத்தவால்சாவடியின் மொத்தக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டபோது சரக்கும் வணிகரும் இடம்பெயரத் திட்டம் இருந்தது; சந்தையை நம்பி நடைபாதையில் வாழ்ந்தவர் அந்தத் திட்டத்தில் எங்குமே இடம்பெறவில்லை.

சட்டம் இம்மக்களை நெடுங்காலம் ஒழுங்குக் குறைவாகவே பார்த்தது. 1945ஆம் ஆண்டின் சென்னை இரத்தல் தடைச் சட்டம், பொது இடத்தில் பிச்சை எடுப்பவரைக் காவலர் கைதுசெய்து இல்லங்களில் அடைக்க வழிசெய்தது. மேல்பாக்கத்தில் அதற்கென அரசு இல்லமும் இயங்கியது. பிச்சை எடுப்பவரும் வீடற்றவரும் ஒருவரே என்னும் மயக்கம் நடைமுறையில் பரவியதால், தலைவர்களின் வருகைக்கு முன்னும் விழாக்களுக்கு முன்னும் நடைபாதைகளைத் துப்புரவு செய்வது என்ற பெயரில் உழைத்துப் பிழைப்போரும் வண்டியில் ஏற்றப்பட்டனர். பிச்சை எடுத்தலைக் குற்றமாக்கும் விதிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்து, டெல்லியிலும் நடப்பிலிருந்த பம்பாய் இரத்தல் தடைச் சட்டத்தின் பல பிரிவுகளை அங்கே பொருந்தாமல் செய்தது. அரசு தன் கடமையில் தவறியதன் விளைவாகவே ஒருவர் கையேந்துகிறார் என்னும் நோக்கு அத்தீர்ப்பின் உட்பொருள். அந்நோக்கு தாமதமாக வந்தது என்றாலும் இந்தியச் சட்ட வரலாற்றில் ஒரு திருப்பமே.

குடியிருப்பு என்ற வகையில் தமிழ்நாடு செய்தது சிறிதன்று. 1970இல் முதலமைச்சர் மு. கருணாநிதி நிறுவிய குடிசை மாற்று வாரியம், ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற முழக்கத்தோடு, குடிசைகள் இருந்த இடத்திலேயே மூன்றடுக்கு நான்கடுக்குக் குடியிருப்புகளை எழுப்பியது. கடற்கரைக்கும் சந்தைக்கும் அருகில், நகரின் நடுவே, ஏழைகளுக்கு அரசு நிலம் ஒதுக்கிக் கட்டிய அந்த முதற்கட்டப் பணியை இன்று நினைத்தாலும் வியப்பே ஏற்படும். 1971இன் குடிசைப் பகுதிகள் சட்டம் இதற்கு அடித்தளமாயிற்று. அதன்கீழ் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன, 1985இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன, அதன்பின் சேர்க்கை நின்றுபோயிற்று. ஆனால் இச்சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படுவது குடிசை. நீர்நிலைக் கரையிலோ புறம்போக்கிலோ நான்கு கம்பு நட்டுக் கூரை போட்டவரைக் குடிசைவாசி என்று அது ஏற்றது. கம்பு நடவும் இடமின்றி ஒவ்வொரு காலையும் மூட்டை கட்டிக்கொண்டு எழுகிறவரிடம் மாற்றுவதற்கு ஒரு குடிசையும் இல்லை. ஏழைகளிலும் கடைசி வரிசையில் நிற்பவருக்குத் திட்டத்தில் தலைப்பே இல்லாமற்போன இந்த நிலை, எவருடைய தீய எண்ணத்தாலும் விளைந்ததன்று. ஆயினும் அதன் விலையை நடைபாதைக் குடும்பங்கள் அரை நூற்றாண்டு செலுத்தியிருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் முடிவில் நகர நிலத்தின் விலை ஏறியதும் வாரியத்தின் போக்கும் மாறியது. இருந்த இடத்திலேயே கட்டுவது குறைந்து, தெற்குப் புறநகரில் பல்லாயிரம் வீடுகளைத் திரட்டிக் கட்டுவது வழக்கமாயிற்று. 2000இல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியும், அதன்பின் பெரும்பாக்கமும் எழுந்தன. கூவக்கரையிலிருந்தும் கால்வாய்க் கரையிலிருந்தும் அங்கே கொண்டுசெல்லப்பட்டவர்கள் காலைப் பேருந்தில் நகரத்துக்குத் திரும்பி வேலை தேட வேண்டியவராயினர். இரவுப்பாட்டும் விடியற்காலை வேலையும் செய்தவருக்கு அதுவும் இயலவில்லை. பள்ளி இடையில் நின்றது, வீட்டு வேலை செய்த பெண்கள் வேலையிழந்தனர். அவ்வீடுகளைப் பூட்டிவிட்டோ கைமாற்றிவிட்டோ பழைய இடத்துக்கே மீண்டவர் பலர். அவ்வாறு மீண்டு வந்தவரைப் பார்த்து, வீடு கொடுத்தும் தெருவில் கிடக்கிறார்கள் என்று பழிக்கும் பேச்சு நகரத்தில் பரவலாகக் கேட்கப்படுகிறது. அந்தப் பேச்சு நியாயமற்றது. வீட்டைத் தந்து வேலையைப் பறித்தால், பசிக்கும் ஒருவர் எதைத் தேடிப் போவார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இதே உண்மையை உச்ச நீதிமன்றத்தின் முன் கொண்டு வந்த வழக்கில் ஒரு தமிழரின் வாழ்க்கை பதிவாகியிருப்பது குறிப்பிடத்தக்கது. மகாராட்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே 1981இல் பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கே அனுப்புமாறு ஆணையிட்டார். வழக்குத் தொடுத்தவருள் ஒருவர் சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற விவசாயக் கூலி. வறட்சியால் வேலையிழந்து 1961இல் பம்பாய் சென்று, ஒரு தொழிற்சாலையில் தினக்கூலியாகி, நெடுஞ்சாலை ஓர நடைபாதையில் மனைவி மக்களோடு வாழ்ந்தவர். அவர் குடிசை இடிக்கப்பட்டுக் குடும்பம் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றப்பட்டது. மனைவியும் மகள்களும் சேலத்தில் தங்க, அவர் மட்டும் வேலை தேடிப் பம்பாய்க்கே திரும்பி மீண்டும் நடைபாதையில் இடம் பிடித்தார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு எனப்படும் அதில் 1985இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றும், நடைபாதையில் வாழ்வோர் வேலைக்கு அருகில் இருப்பதற்காகவே அங்கு வாழ்கின்றனர் என்றும் ஏற்றுக்கொண்டது. கருத்தளவில் இது மாபெரும் வெற்றி. செயலளவிலோ, உரிய முறையில் அறிவிப்புக் கொடுத்த பின் நடைபாதைகளிலிருந்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு அனுமதித்தது. ஆகவே பிழைப்புரிமை சட்டநூலில் இடம்பெற்றது, நடைபாதையில் படுத்தவருக்கோ இடம் உறுதியாகவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் அடுத்த பெரிய தலையீடு உணவுரிமை வழக்கின் வழியே வந்தது. 2010 சனவரியில் டெல்லிக் குளிரில் வீடற்றோர் இறந்ததை, நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் அதன் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். இலட்சம் மக்களுக்கு ஒன்று வீதம், ஆண்டு முழுதும், இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் காப்பகங்களைப் பெருநகரங்கள் அமைக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதைத் திட்டமாக்கி, இலட்சம் மக்களுக்குக் குறைந்தது நூறு பேர் தங்க இடம் வேண்டும், ஒருவருக்கு ஏறத்தாழ ஐம்பது சதுர அடி வேண்டும், வீடற்றோர் செறிந்து வாழும் இடங்களுக்கும் வேலையிடங்களுக்கும் அருகில் அமைய வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. 2011 விரிவாக்கத்துக்குப் பின் 426 சதுர கிலோமீட்டர் பரப்பும் 66 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களும் கொண்ட சென்னைக்கு இக்கணக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் தேவை. தொண்டு நிறுவனங்கள் வழியே மாநகராட்சி நடத்தும் காப்பகங்களில் முதியோர், கைவிடப்பட்ட பெண்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுவர்கள் எனத் தனித்தனிப் பிரிவினருக்கு இடம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் துணையாக வருவோருக்கும் தங்குமிடம் அமைந்தது. இவற்றால் காக்கப்பட்ட உயிர்கள் பல, அதில் மிகையில்லை.

ஆயினும் காப்பகம் என்ற வடிவம் தனியாளை மனத்தில் கொண்டு உருவானது. பிராட்வே நடைபாதையில் வாழும் கணவன், மனைவி, இரு பிள்ளைகள், மூதாட்டி அடங்கிய குடும்பம் அதற்குள் நுழைய வேண்டுமானால் ஆணை ஒரு காப்பகத்துக்கும் பெண்ணை மற்றொன்றுக்கும் பிள்ளைகளை மூன்றாவதுக்கும் பிரித்தாக வேண்டும். எல்லாவற்றையும் இழந்தவரிடம் எஞ்சியிருப்பது குடும்பம் ஒன்றே. அதைக் கொடுத்துக் கூரை பெற எவரும் சம்மதிப்பதில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக ஒரே தெருவில் வாழும் வடசென்னையில் காப்பகம் அவசர உதவியாகலாம். வீடு மட்டுமே தீர்வாகும்.

வேறொரு வகையான வழியைக் காட்டியது மனநலத் துறை. மனநோயுற்றுத் தெருவில் திரிந்த பெண்களுக்காக 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் சென்னையில் தொடங்கிய பேனியன் அமைப்பு, முதலில் அடைக்கலம் என்னும் இல்லத்தில் சிகிச்சை தந்து குடும்பத்தோடு சேர்த்துவைத்தது. திரும்பிச் செல்லக் குடும்பமே இல்லாதவரும் குடும்பத்தால் ஏற்கப்படாதவரும் ஆண்டுக்கணக்கில் இல்லத்திலேயே தங்கிப்போவதைக் கண்டபோது, அவர்களுள் சிலரைச் சேர்த்து ஊருக்குள்ளும் தெருவுக்குள்ளும் வாடகை வீடுகளில் குடியமர்த்தித் துணைக்கு ஒரு பணியாளரையும் அமைக்கும் முறையை அது கைக்கொண்டது. அண்டை வீட்டாரோடு பேசி, கடைக்குப் போய், தாமே சமைத்து வாழும் அப்பெண்கள் பலரின் உடல்நலமும் மனநலமும் தேறியிருக்கின்றன. தீராத நோயாளிகள் என்று விடப்பட்டவர்களுக்கே சாதாரணத் தெருவில் சாதாரண வீடு பொருந்துமாயின், நாள்தோறும் உழைக்கும் நடைபாதைக் குடும்பத்துக்கு அது பொருந்தாது என்று வாதிட இடமில்லை.

இக்குடும்பங்களில் பலரிடம் நடைபாதையின் முகவரியில் பெற்ற ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் இருக்கின்றன. வீடற்ற ஒருவரின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதற்குத் தேர்தல் ஆணையம் வகுத்த விதி இங்கு நினைக்கத்தக்கது: வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் சென்று, அவர் அங்கேதான் உறங்குகிறார் என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் உறுதிசெய்தால் போதும், இருப்பிடச் சான்று எதுவும் கேட்கப்படாது. வாக்குக்காக அரசு ஏற்றுக்கொண்ட இந்தச் சான்றை வீட்டுக்காகவும் ஏற்றுக்கொள்ளத் தடை ஏதுமில்லை. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்ட பழைய குடிசை மாற்று வாரியம், 1970களில் கட்டிய சிதைந்த குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கூடுதல் மாடிகளோடு மீண்டும் கட்டிவருகிறது. அவ்வாறு கூடுதலாகக் கிடைக்கும் வீடுகளில் ஒரு பங்கை, அந்தந்த மண்டலத்தின் நடைபாதையில் பல ஆண்டுகள் வாழ்ந்ததாக உறுதிசெய்யப்பட்ட குடும்பங்களுக்கு, பங்குத்தொகை கேட்காமல், பெண்ணின் பெயரில் ஒதுக்குவது நடைமுறைக்கு ஒவ்வாத காரியமன்று. பெண்ணுரிமை இயக்கம் போன்ற அமைப்புகளும் நடைபாதைப் பெண்களும் நெடுங்காலமாகக் கோரிவருவது, வேலைக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் ஒரு வீடு. காப்பகத்துக்கு விதிக்கப்பட்ட அருகாமை என்னும் நிபந்தனையை நிரந்தர வீட்டுக்கும் விதித்து, அரசாணையில் அதைத் தொலைவின் அளவோடு எழுதுவதே அடுத்து நடக்க வேண்டிய வேலை.